மாசிக் கடன்

பதினெட்டாயிரத்து அறுநூற்று நாற்பத்தைந்து ரூபாய். ஹர்ஷாவுக்கு நான் தர வேண்டியது அவ்வளவு. அவன் கேட்கவே இல்லை. உடைந்துபோன அவனுடைய தூண்டில் கம்பு வந்த நீளக் குழாய்க்குள் பில்லைச் சுருட்டி வைத்திருந்தான். நான்தான் உருவி எடுத்து விலையைப் படித்தேன். படிக்கத் தெரியாத காலமாக இருந்தால் அவன் சொன்ன "பரவாயில்லே அண்ணா"வோடு முடிந்திருக்கும். நாற்பத்து மூன்று வயதில் எழுத்துக் கற்றுக்கொண்டதில் இப்படியும் ஒரு நஷ்டம்.

எனக்குக் கம்பி கட்டுகிற வேலை. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து புனேக்குப் பக்கத்தில் தேஹு ரோட்டில் குடியேறி இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. தூண், பீம், ஸ்லாப் எதுவானாலும் கான்கிரீட் கொட்டுவதற்கு முன்னால் உள்ளே கிடக்கிற இரும்பெல்லாம் எங்கள் கை பட்டது. கட்டுக்கம்பியை இரண்டாய் மடித்து, கொக்கியில் மாட்டி இரண்டு சுற்று. நாளுக்கு ஆயிரம் முடிச்சுக்குக் குறையாது. முடிச்சுப் போட்டுப் போட்டு, சும்மா உட்கார்ந்திருந்தாலும் விரல் தானாகச் சுற்றும். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

அந்த வருஷம் மழை பொய்த்துவிட்டது. பவனா அணைக் கரையில் யாரோ ஒரு பணக்காரருக்கு பங்களா கட்டிக்கொண்டிருந்தோம். மேஸ்திரி பாஸ்கர் எடுத்த காண்ட்ராக்ட். கார்த்திகையில் ஆர்டர் வந்தது, கட்டிட வேலைக்கு ஏரித் தண்ணீர் எடுக்கக் கூடாதென்று. தண்ணீர் இல்லாமல் கான்கிரீட்டா? வேலை நின்றது. எல்லோரும் வேறு இடம் பார்த்துப் போனார்கள். இறக்கி வைத்த இரும்புக்குப் பகல் காவலாக என்னை மட்டும் பாஸ்கர் நிறுத்தினான். பாதிக் கூலி.

சும்மா இருக்கிற வேலை எனக்குத் தெரியாது. முதல் நாள் வேலிக் கம்பியெல்லாம் இழுத்துக் கட்டினேன். இரண்டாம் நாள் கட்டியதை அவிழ்த்துத் திரும்பக் கட்டினேன். மூன்றாம் நாளிலிருந்து தண்ணீரைப் பார்க்கப் போக ஆரம்பித்தேன். கரையோரம் ஒரு குச்சி நட்டுவைத்துவிட்டு வருவேன். மறுநாள் போனால் தண்ணீர் மூன்றடி தள்ளிப் போயிருக்கும். அங்கே இன்னொரு குச்சி. திரும்பிப் பார்த்தால் வரிசையாகக் குச்சிகள், ஒன்றும் முளைக்காத தோட்டம் மாதிரி. ஒரு இடத்தில் உட்கார முடியாது. எழுந்து பங்களா வரை நடப்பேன், இரும்பை எண்ணுவேன், மறுபடி தண்ணீருக்கு வருவேன்.

மத்தியானம் என் பெண்டாட்டி தமிழரசி போன் போடுவாள். "என்ன செய்யுதீங்க?"

"ஈ ஓட்டுதேன்."

"நல்லா ஓட்டுங்க. இங்க வீட்டுக்குள்ள ரெண்டு கெடக்கு, வந்து அதையும் ஓட்டுங்க."

ஹர்ஷா அப்படி ஒரு சனிக்கிழமைதான் வந்தான். முப்பது வயது இருக்கும். விமான் நகரில் கம்ப்யூட்டர் வேலை. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு தண்ணீருக்குள் நின்று போனில் பேசினான். "அம்மா, சாப்ட்டாச்சும்மா, தயிர்சாதம்தான்." அந்தத் தயிர்சாதத்தை வைத்துத்தான் நம்ம ஆள் என்று தெரிந்தது. தாத்தா காலத்திலேயே புனேக்கு வந்துவிட்ட குடும்பம். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் மராத்தி, ஆபீஸில் இங்கிலீஷ். தமிழில் ஒரு வார்த்தை சிக்கவில்லை என்றால் எது முதலில் கைக்கு வருகிறதோ அதைப் போட்டு நிரப்பிக்கொண்டு போவான்.

அவன் மீன் பிடிப்பது வேறு தினுசு. புழு இல்லை, மாவு இல்லை. சின்னத் தூண்டில் முள்ளில் நூலும் இறகும் சுற்றிப் பூச்சி மாதிரி செய்திருக்கும். நான் அதை இறகுப் பூச்சி என்று சொல்வேன். கம்பை முன்னும் பின்னும் ஆட்டுவான். பச்சைக் கயிறு ஆகாயத்தில் நீளமாக விரியும், சாட்டை மாதிரி, ஆனால் சத்தம் இல்லாமல். கடைசியில் பூச்சி தண்ணீர் மேல் மெதுவாக உட்காரும். மீன் அதை நிஜமென்று நம்பிக் கவ்வும். கவ்விய மீனை இழுத்து, முள்ளைக் கழற்றி, தண்ணீரிலேயே விட்டுவிடுவான்.

"என்ன தம்பி, விட்டுட்டீங்க?"

"விடறதுக்குத்தான் அண்ணா பிடிக்கறேன்."

"அப்ப புடிக்காமலே இருந்தா அதுக்கும் நோவு இல்ல, உங்களுக்கும் பெட்ரோல் மிச்சம்."

அதற்கு அப்படிச் சிரித்தான். அடுத்த சனிக்கிழமை எனக்கும் சேர்த்துத் தயிர்சாதம் கொண்டுவந்தான்.

மார்கழியில் ஒரு நாள். தண்ணீர் வற்றி, பழைய ஊர்க் கிணறு ஒன்றின் சுற்றுச்சுவர் ஏரிக்குள்ளிருந்து எழும்பி நின்றது. அவன் வீசிய பூச்சி அந்தக் கல் இடுக்கில் போய்ச் சிக்கிக்கொண்டது.

"அண்ணா, ராடைக் கொஞ்சம் பிடிச்சுக்கோங்கோ. நான் போய் எடுத்துட்டு வரேன்."

ராடு! இருபது வருஷமாக அந்த வார்த்தைக்கு என் கையில் ஒரே அர்த்தம்தான், இரும்பு. அவன் முழங்கால் சேற்றில் கால் உருவ முடியாமல் தடுமாறுவதைப் பார்த்ததும், பாவம் பிள்ளை, நாமே இழுத்து விடுவோமே என்று பன்னிரண்டு எம்எம் கம்பியை வளைக்கிற மாதிரி இடுப்பில் முட்டுக்கொடுத்து ஒரு வளை வளைத்தேன். முறுக்கு ஒடிகிற சத்தம்தான் கேட்டது. நுனிப்பாகம் கயிற்றோடு தொங்கியது.

அவன் சேற்றில் நின்றபடியே பார்த்தான். முகம் ஒரு நொடி சுருங்கி, அப்புறம் சரியாகிவிட்டது. "பரவாயில்லே அண்ணா."

"குடுத்துருதேன் தம்பி."

"அரே, விடுங்கோ."

"குடுத்துருதேன்."

அடுத்த வாரம் ஒரு பழைய கம்போடு வந்தான். அன்றைக்குக் கல்லில் சிக்கிய இறகுப் பூச்சி நூல் பிரிந்து நாராகிவிட்டது என்று ஒரு கல் மேல் எறிந்துவிட்டுப் போன் பேசப் போனான். என் கை சும்மா இருக்குமா? எடுத்து, பிரிந்த நூலை அவிழ்த்து, இறகை நிமிர்த்தி, முள்ளின் கழுத்திலிருந்து வால் வரை நெருக்கிச் சுற்றி, முடிச்சை உள்ளே தள்ளி இழுத்து வைத்தேன். கட்டுக்கம்பிக்குப் பதில் நூல், அவ்வளவுதான் வித்தியாசம்.

திரும்பி வந்தவன் அதை எடுத்து வெயிலில் பிடித்தான். "நீங்க கட்டினதா அண்ணா?"

"கை சும்மா இருக்கமாட்டேங்கு தம்பி. அது கெடக்கட்டும், அந்தப் பைசா விஷயம்…"

அவன் கண் பூச்சியை விட்டு நகரவில்லை. "பைசா வேண்டாம் அண்ணா. மாஷில குடுத்துடுங்கோ."

"மாசியிலயா?"

"ஆமாம், மாஷில. அவசரம் இல்லே. மெதுவாக் குடுங்கோ."

அதற்குள் திரும்பவும் போன். பேசிக்கொண்டே காரைத் திறந்து, ஒரு தட்டையான பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து என் கையில் வைத்தான். "இதை வச்சுக்கோங்கோ." போய்விட்டான்.

நல்ல பையன் என்று நினைத்துக்கொண்டேன். இப்போது பைசா வேண்டாமாம், மாசி மாசம் தந்தால் போதுமாம். முழுசாக இரண்டு மாசத் தவணை. மாசி என்று வராமல் மாஷி என்று வந்தது அந்த நாக்கின் பழக்கம் என்று விட்டுவிட்டேன். இங்கே வளர்ந்த பிள்ளைகளுக்குத் தமிழ் மாசப் பெயர் தெரிந்திருப்பதே பெரிய காரியம்.

டப்பாவை வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். தமிழரசி திறந்து பார்த்தாள். அவளுக்குக் கண்ணில் புரை வளர்ந்துவிட்டது. எதையும் மூக்கு வரை கொண்டுவந்துதான் பார்ப்பாள்.

"முள்ளா இருக்கு. நூல்கண்டு இருக்கு. மயில் எறகு, சேவல் எறகு. இதை எதுக்கு உங்ககிட்ட குடுத்தான்?"

"பத்திரமா வச்சிருக்கத்தான்."

"ஏன், அவன் வீட்டுல பரண் இல்லையா?"

"கம்பு ஒடிஞ்ச வருத்தம். கண்ணு முன்னால இருக்க வேண்டாம்னு நெனச்சிருப்பான். தொடாத, கையில குத்திரும்."

தையில் காவல் வேலையும் போயிற்று. இரும்பை லாரியில் ஏற்றி பாஸ்கர் வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டான். மார்க்கெட்டில் மூட்டை இறக்கினேன். விஷ்ராந்த்வாடியில் ஒரு அபார்ட்மெண்டில் பெயிண்ட் சுரண்டினேன். ஐம்பது வயதுக்கு மேல் யாரும் இரண்டாம் நாள் கூப்பிடுவதில்லை. அறுநூறு, நானூறு என்று சேர்ந்தது. காலண்டரில் தை தாள் தாளாகக் கிழிந்துகொண்டிருந்தது. கிழிக்க வேண்டியது நான்தான். சில நாள் வேண்டுமென்றே கிழிக்காமல் விட்டேன்.

ஒரு நாள் மூட்டையோடு நிற்கும்போது ஹர்ஷா போன் செய்தான்.

"அண்ணா, எவ்வளவு ஆச்சு?"

வெட்கமாகப் போயிற்று. மூன்றில் ஒரு பங்குகூடச் சேரவில்லை. "பாதி ஆச்சு தம்பி."

"பாதியா! அவ்வளவு சீக்கிரமாவா? நன்னா இருக்கா?"

"நல்லாத்தான் இருக்கு." ரூபாய் நோட்டு நன்றாக இல்லாமல் என்ன செய்யும்?

"அண்ணா, தண்ணி குறைஞ்சுண்டே வரது. முழுசா வத்தறதுக்குள்ள கிடைச்சா நன்னாயிருக்கும். அவ்வளவுதான். டென்ஷன் வேண்டாம்."

டென்ஷன் வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் வற்றுவதற்குள் வேண்டும் என்றால் என்ன அர்த்தம்? அன்றைக்கு மூட்டை தூக்கத் தூக்கக் காலடியில் தண்ணீர் பின்னால் போகிற மாதிரியே இருந்தது.

இதற்கிடையில் தமிழரசி அடுப்பு எது, பாத்திரம் எது என்று தெரியாமல் கையைச் சுட்டுக்கொண்டாள். இலவசக் கண் முகாமில் பதிந்து, பங்குனி ஐந்தாம் தேதி வலது கண்ணுக்கு ஆபரேஷன் என்று நாள் கொடுத்தார்கள். ஒரு மாசம் நாளுக்கு நாலு வேளை மருந்து ஊற்ற வேண்டும். குனியக் கூடாது, அடுப்புப் பக்கம் போகக் கூடாது. எங்களுக்குப் பிள்ளை கிடையாது. "நான் இருக்கேன், ஊத்துதேன்" என்று டாக்டர் முன்னால் சொல்லிவிட்டு வந்தேன்.

மாசி இருபது ஆகிவிட்டது. கையில் ஆறாயிரத்து அறுநூற்று நாற்பத்தைந்து. பாஸ்கரிடம் போய் நின்றேன்.

"நாக்பூர்ல மேம்பாலம். நாலு மாசம். அட்வான்ஸ் பன்னெண்டாயிரம் தர்றேன்" என்றான். "திங்கட்கிழமை காலைல ரயில். வாங்கிட்டு வராம இருந்துடாதய்யா."

வாங்கினேன். கணக்கு மிகச் சரியாக வந்தது, எண்ணி வைத்த மாதிரி. வீட்டுக்கு வந்து சொன்னபோது தமிழரசி முட்டைக்கோஸை மூக்கருகே வைத்துப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஆபரேஷனை ஆவணிக்குத் தள்ளச் சொல்லிருதேன்."

"அதுவரைக்கும்?"

"இதுவரைக்கும் எப்படியோ அப்படித்தான்." கத்தியை வைத்தாள். "புடிச்ச மீனையெல்லாம் விட்டுட்டுப் போறவனாம். உங்களை மட்டும் விடமாட்டேங்கான் பாருங்க."

ஞாயிற்றுக்கிழமை. மாசி முடிய இரண்டு நாள். முந்தின நாளே போன் செய்து, "நாளைக்கு முழுசா குடுத்துருதேன் தம்பி" என்றிருந்தேன். "சூப்பர் அண்ணா! பதினொரு மணிக்கு ஏரிக்கு வந்துடறேன்" என்றான். லோக்கல் ரயிலில் காம்ஷேத் வரை போய், ஷேர் ஜீப் பிடித்து அணைக்குப் போனேன். பணம் வேட்டி மடிப்பில். அவன் ஒப்படைத்த டப்பா பையில். அதையும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டுமே. மணி எட்டரைதான். இரண்டரை மணி நேரம் என்ன செய்வது? நின்றேன், நடந்தேன், மடிப்பைத் தொட்டுப் பார்த்தேன்.

நான் நட்ட குச்சிகளெல்லாம் எங்கேயோ மேட்டில் நின்றன. ஏரி பாதியாகச் சுருங்கி, கிணற்றுச் சுவர் முழுசாகக் காய்ந்த தரையில் இருந்தது. சேற்றில் செத்த மீன்கள். அந்த நாற்றத்துக்கு ஈ மொய்த்தது. காது, மூக்கு, கண் எல்லா இடத்திலும் ஈ.

கரையில் முகமது இஸ்மாயிலின் டீக்கடை. எல்லோருக்கும் இஸ்மாயில் பாய். என்னோடு ஹிந்தியில் பேசுவார். அவர் ஊர்ப் பேச்சு மராத்தி. ஒரு டீ வாங்கி வாய்க்குக் கொண்டுபோனேன்.

"ஏ! சஹாத் மாஷி படலி!" என்று மராத்தியில் கத்தினார்.

கை நின்றது. "என்ன சொன்னீங்க பாய்?"

"மாஷி, மாஷி! பாரு!" கிளாசுக்குள் விரலை நீட்டினார். டீயில் ஒரு ஈ நீந்திக்கொண்டிருந்தது.

"இதுக்குப் பேரு மாஷியா?"

"பின்னே என்ன? ஹிந்தில மக்கீ. மராத்தில மாஷி. உங்க பாஷைல?"

"ஈ."

"என்ன?"

"ஈ."

அவர் உதட்டை இழுத்து வெற்றிலைப் பல் முழுசும் தெரிய "ஈஈ?" என்றார். "வேற ஒண்ணும் கிடையாதா? இவ்வளவுதானா?"

நான் கிளாசையே பார்த்துக்கொண்டிருந்தேன். பைசா வேண்டாம் அண்ணா. மாஷில குடுத்துடுங்கோ. அன்றைக்கு அவன் கையில் என்ன இருந்தது? நான் கட்டிய இறகுப் பூச்சி. எதைப் பார்த்துக்கொண்டு சொன்னான்? அதைத்தான். டப்பாவில் என்ன இருந்தது? முள், நூல், இறகு. பாதி ஆச்சு என்றதும் ஏன் அப்படிச் சந்தோஷப்பட்டான்? பணமாகத் தராதே, ஈயாகத் தா என்று சொல்லியிருக்கிறான் பாவி. மாசி எங்கிருந்து வந்தது? என் காதிலிருந்து.

முதலில் வந்தது கோபம்தான். நான் எழுத்துக் கற்ற தமிழ் வகுப்பில் சுவரில் மாட்டியிருந்த அட்டையில் நாலாவது படம். அ, ஆ, இ, ஈ. ஒரே ஒரு எழுத்து. நான் நாற்பத்து மூன்று வயதில் கற்றுக்கொண்டதை இவன் நாலு வயதில் கற்றிருக்கக் கூடாதா? தமிழரசி நாலு மாசம் குருடியாகத் தடவ வேண்டியது இந்த ஒரு எழுத்துக்காகவா? அப்புறம்தான் பயம் வந்தது. "முழுசா குடுத்துருதேன்" என்று நானே சொல்லியிருக்கிறேன். அவன் முழுசை எதிர்பார்த்து வந்துகொண்டிருக்கிறான். கையில் ஒரு ஈகூட இல்லை.

டப்பாவைத் திறந்தேன். கட்டிங் பிளேயர் எப்போதும் பையில் கிடக்கும். அதைக் கிணற்றுச் சுவரில் கல் இடுக்கில் செருகி, அதன் வாயில் முள்ளைக் கடிக்கவைத்து உட்கார்ந்தேன். மாதிரிக்கு ஈயைத் தேட வேண்டியதில்லை. என் முழங்கையிலேயே நாலு உட்கார்ந்திருந்தது. கரைக் காற்று அடிக்கும்போதெல்லாம் ஒன்றிரண்டு தண்ணீரில் விழ, கீழேயிருந்து மீன் வாய் பிளந்து உறிஞ்சிக்கொண்டு போவதைப் பார்த்தேன். உடம்புக்கு மயில் இறகின் பச்சைப் பிசிறு. காலுக்குச் சேவல் கழுத்து இறகு. முதல் மூன்றும் நாசம். கம்பி வேலைக்காரன் கை, இழுத்த இழுப்பில் நூல் அறுந்தது, இல்லை ஈ சூம்பிப்போனது. நாலாவதில் விரலுக்குப் புத்தி வந்தது. மூன்று மாசத்தில் முதல்தடவையாக எழுந்து நடக்கத் தோன்றவில்லை.

பதினொரு மணிக்குக் கார் வந்தபோது தேறியது ஆறு.

அவன் உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தான். "அற்புதம் அண்ணா! மீதி எங்கே?"

வேட்டி மடிப்பிலிருந்து பணத்தை எடுத்து அவன் முன்னால் நீட்டினேன். "மாசியில குடுத்துருங்கோன்னு சொன்னீங்களே தம்பி. மாசி இன்னும் முடியல."

"மாஷிலதானே… இது என்ன பைசா?"

"மாசி. மாசம். தைக்கு அடுத்த மாசம்."

அவன் பணத்தைப் பார்த்தான், ஈயைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அப்புறம் அப்படியே கரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நானும் கொஞ்சம் சிரித்தேன். "பணம் ஏது அண்ணா?" என்று கேட்டான். பாஸ்கர் அட்வான்ஸ், நாளைக் காலை ரயில், தமிழரசி கண் எல்லாம் சொல்லச் சொல்லச் சிரிப்பு நின்றுவிட்டது.

"நான் மராத்தில சொன்னேன்னு எனக்கே தெரியாது அண்ணா. இந்தப் பூச்சிக்கு இங்கிலீஷ்ல ஃப்ளைன்னு பேர். அதுக்குத் தமிழ்ல என்ன?"

"ஈ."

"அதான் என்ன?"

"அவ்வளவுதான். ஈ."

தலையில் அடித்துக்கொண்டான். "பைசாவை எடுத்து உள்ள வையுங்கோ. கடனும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. முடிஞ்சது."

"உங்க வாயால முடிஞ்சா போதுமா? ஒடிச்சது என் கை. அது தீத்துத்தான் ஆகணும். நீங்க கேட்டபடியே தீக்கேன்."

அவன் கம்பைப் பூட்டி, நான் கட்டியதில் ஒன்றை மாட்டி வீசினான். பச்சைக் கயிறு விரிந்தது. ஈ தண்ணீரில் உட்கார்ந்த இடத்தில் குமிழி போட்டது. கம்பு வளைந்தது. பெரிய செதில், பொன் நிறம், முழங்கை நீளம். அவன் எத்தனையோ வாரமாகத் தேடிய மஹசீர் மீன். சீக்கிரமாக இழுத்து, முள்ளைக் கழற்றி, தண்ணீரிலேயே இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தான். விட்டால் ஓட வேண்டும். ஓடவில்லை. பக்கவாட்டில் சாய்ந்தது. திரும்ப நிமிர்த்திப் பிடித்தான். ரொம்ப நேரம். முதுகில் வியர்வை வழிந்தது, அசையவில்லை. நானும் மூச்சை அடக்கி நின்றேன். கடைசியில் வாலை ஒரு அசைப்பு அசைத்துப் போயிற்று.

"தண்ணி சுடறது அண்ணா. மூச்சு வாங்க முடியலே அதுக்கு." கையைத் துடைத்துக்கொண்டான். "போறும். மழை வந்து தண்ணி ஏறற வரைக்கும் இங்கே வீசமாட்டேன்."

"அப்ப மழைக்குள்ள கட்டித் தாரேன். ஒரு ஈ எவ்வளவு?"

"ஐநூறு ரூபாய்."

"என்னை ஏமாத்தாதீங்க. அம்பது."

"அம்பதா? நான் ஒத்துக்கமாட்டேன். நானூறு."

"அறுபது. அதுக்கு மேல ஒரு பைசா கூட்டமாட்டேன்."

இஸ்மாயில் பாய் கடையிலிருந்து எட்டிப் பார்த்தார். விற்கிறவன் குறைக்கவும் வாங்குகிறவன் கூட்டவும் சண்டை போடுவதை அவர் எங்கே பார்த்திருக்கப் போகிறார்! கடைசியில் ஹர்ஷா போனில் கடை விலையைக் காட்டினான். நூற்று அறுபத்தைந்து. அதுதான் நியாயம் என்று இரண்டு பேரும் ஒத்துக்கொண்டோம். அவனே வகுத்துப் பார்த்தான்.

"நூத்திப் பதிமூணு. அரே, மீதியே வரலே!"

"ஆறு போக நூத்தி ஏழு. என்னைக்குள்ள?"

அவன் நான் உட்கார்ந்திருந்த கிணற்றுச் சுவரைக் காட்டினான். "இது முழுகறதுக்குள்ள."

சாயங்காலம் பாஸ்கரிடம் பன்னிரண்டாயிரத்தையும் எண்ணி வைத்தேன். முகம் கடுத்துப் போயிற்று. "நாக்பூரை விட்டுட்டு இங்க உக்காந்து ஈ ஓட்டப் போறியா?"

"ஓட்டல. கட்டப்போறேன்."

"வெயில் ஏறிப்போச்சுய்யா உனக்கு. இந்த வருஷம் என் வேலைப் பக்கம் வராத."

போகவில்லை. விடியுமுன் மார்க்கெட்டில் மூட்டை தூக்கியே ஓட்டினேன். பங்குனி ஐந்தில் தமிழரசிக்கு ஆபரேஷன் ஆயிற்று. காலையில் ஒரு சொட்டு, ஒரு ஈ. மத்தியானம் ஒரு சொட்டு, பாதி ஈ. அவள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு மல்லாந்து படுத்தபடி, "சோறு குழைஞ்சுட்டு. ஈ கட்டுத கவனத்துல ஒண்ணு பருப்பா கருக்குதீங்க, இல்ல சோறக் குழைக்கீங்க" என்று குறை சொல்வாள். ஒவ்வொன்று கட்டியதும் நோட்டில் ஒரு ஈ எழுதுவேன். முள் தீர்ந்தபோது ஹர்ஷா இன்னொரு பாக்கெட் கொண்டுவந்தான்.

ஆனி பிறந்ததும் மழை. நான் நினைத்த மாதிரி மெதுவாக இல்லை. மலையிலிருந்து ராத்திரி பகலாகத் தண்ணீர் இறங்கியது. இஸ்மாயில் பாய் தினமும் போனில் சொல்வார். "அஞ்சு வரிசைக் கல்லு பாக்கி." "மூணு." எனக்கு இன்னும் பதினேழு பாக்கி. திரும்ப அந்தப் பதைப்பு. சித்திரையில் மழை வராதா என்று வானத்தைப் பார்த்தவன் இப்போது கொஞ்சம் நிற்காதா என்று பார்த்தேன். விரல் நுனியெல்லாம் முள் குத்திப் புள்ளி.

கடைசி வாரம் கட்டியதையும் சேர்த்து எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு போனபோது கிணற்றுச் சுவரில் ஒரு கல் மட்டும் வெளியே இருந்தது. அதன் மேல் ஒரு கொக்கு. ஹர்ஷா குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு எண்ணினான். முன்னால் தந்த ஆறோடு நூற்றுப் பதிமூன்று. "சரியா இருக்கு அண்ணா." பர்ஸிலிருந்து அந்த பில்லை எடுத்து என்னிடம் தந்தான். நான் இன்னொரு தடவை படித்தேன், பதினெட்டாயிரத்து அறுநூற்று நாற்பத்தைந்து, படித்துவிட்டு நாலாக மடித்தேன். பேசிக்கொண்டிருக்கும்போதே கொக்கு பறந்தது. திரும்பிப் பார்த்தால் கல்லைக் காணோம்.

வீட்டுக்கு வந்து நோட்டில் கடைசி ஈயை எழுதினேன். தமிழரசி பக்கத்தில் வந்து, மூக்குக்குக் கொண்டுபோகாமல், நின்ற இடத்திலிருந்தே பார்த்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது.

"எல்லாம் ஒரே எழுத்தா இருக்கு. ரெண்டு புள்ளி வச்சு, கண்ணு முழிச்சுப் பாக்க மாதிரி."

"புள்ளி தெரியுதா?"

"நல்லாத் தெரியுது. கடைசியா எழுதினதுல ஒரு புள்ளிய விட்டுட்டீங்க. என்ன எழுத்து அது?"

"ஈ."

"பல்லைக் காட்டாம சொல்லுங்க. கடன் தீந்துச்சா இல்லையா?"

விட்டுப்போன புள்ளியை வைத்தேன். "தீந்துட்டு."